சுண்டைக்காயும் சுமைகூலியும்

சுண்டைக்காய் காற்பணம், சுமைகூலி முக்காற்பணம் என்பது பழமொழி. அமெரிக்காவில் ஒருவகை மேசை விளையாட்டுக்காகக் கூடும் மகாநாடுகளின் வரவு செலவை நோக்குமிடத்து இப்பழமொழியே எமது நினைவுக்கு வருகின்றது.

அவ்விளையாட்டு யாது? ஐந்தாறு பேர் மேசையைச் சுற்றி அமர்வர். ஒருவர் வீரனாகவும் ஒருவர் மந்திரவாதியாகவும் இன்னொருவர் கள்வனாகவும் பாத்திரமேற்பர். நடுவர் ஒருவர் கதைக்களத்தை விரித்துரைப்பார். “எதிரே பூட்டிய கதவு, உள்ளே ஏதோ உறுமுகின்றது, என்ன செய்வீர்கள்?” என வினவுவார். ஒவ்வொருவரும் தத்தம் பாத்திரத்துக்கேற்ப விடை கூறுவர். எடுத்த காரியம் கைகூடுமா என்பதைப் பகடை தீர்மானிக்கும். கரி கைகக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் ஆக்கிய “டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்” இவ்வகை ஆட்டங்களுக்கு வழிகாட்டியாயிற்று. 1974 ஆம் ஆண்டில் மூன்று சிறு நூல்கள் அடங்கிய அதன் பெட்டி 10 டொலருக்கு விற்கப்பட்டது. ஒரு பெட்டியைக் கொண்டு ஒரு நண்பர் குழாம் ஆண்டுக் கணக்கில் ஆடலாம். சுண்டைக்காயின் விலை அவ்வளவே.

இனிச் சுமைகூலியைப் பார்ப்போம். 1968 இல் கைகக்ஸ், விஸ்கொன்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரில் ஒரு மண்டபத்தை 50 டொலர் வாடகைக்குப் பெற்று, போர் விளையாட்டு அன்பர்களைக் கூட்டினார். வந்தோர் ஏறக்குறைய நூறு பேர். அதுவே “ஜென் கொன்” மகாநாட்டின் தொடக்கம். 2003 முதல் இன்டியானாபொலிஸ் நகரில் நடைபெறும் அம்மகாநாட்டுக்கு 2024 இல் 70,000 பேருக்கு மேல் வந்தனர். நுழைவுச்சீட்டு வேறு, ஆட்டத்துக்கான சீட்டு வேறு. அவற்றினும் பெருஞ்செலவு பயணமும் விடுதி அறையுமாம். வீட்டு மேசையில் ஏறக்குறையச் செலவின்றி ஆடக்கூடியதற்கு இத்தனை பணமா என வினவுவது நியாயமே.

ஆயினும் அங்கே விற்கப்படும் பண்டம் விளையாட்டன்று. முன்பின் அறியாதவரோடு ஒரே மேசையில் அமரும் வாய்ப்பேயாம். 2000 முதல் 2008 வரை நடந்த “லிவிங் கிரேஹோக்” போன்ற தொடர் ஆட்டங்களில், ஒருவர் தம் ஊரில் வளர்த்த பாத்திரத்தை வேற்றூர் மேசைக்கும் கொண்டு செல்லலாம். எங்கும் விதிகள் ஒன்றே. ஆகவே அந்நியர் அறுவர் சந்தித்த சில நிமிடங்களிலேயே ஒரு காரியத்தில் இறங்கிவிடுகின்றனர்.

இதற்கும் ஒரு விலையுண்டு. பெரும்பாலும் நான்கு மணி நேரத்துள் கதை முடிதல் வேண்டும். வீட்டில் வேண்டிய திசையில் அலையும் கதை, இங்கே பரீட்சைக்கான பாடத்திட்டம் போலக் குறித்த வழியே செல்லும். வாயாடி ஒருவர் வந்தமர்ந்தால் ஏனையோர் கொடுத்த காசு வீணாகும்.

இவற்றையெல்லாம் சீர்செய்ய வல்லவர் நடுவர் ஒருவரே. அவர் கதையை முன்னரே கற்று, கூச்சமுள்ளவரைப் பேசச்செய்து, வாயாடியை நயமாக அடக்கி, மணி தவறாது முடிக்கின்றார். அவருக்குப் பல மகாநாடுகளில் கிடைப்பது இலவச நுழைவுச்சீட்டேயன்றி வேறில்லை. மண்டபத்துக்கும் விடுதிக்கும் பெரும்பணம் போகின்றது. ஆட்டத்துக்கு உயிரூட்டுபவரோ ஏறக்குறைய இலவசமாக உழைக்கின்றார். ஆசிரியத் தொழிலில் உள்ள எமக்கு இக்கணக்கு புதியதன்று. குறிப்பை ஒப்புவிக்கும் ஆசிரியரும் உளர்; மாணவரின் வாயிலிருந்தே விடையை வருவிக்கும் ஆசிரியரும் உளர். கட்டணம் ஒன்றுதான், பெறும் பயன் வேறு.

ஆகவே எமது கருத்து இது. நல்ல தோழர் குழாம் உள்ளவர் ஆட்டத்துக்காக மட்டும் இத்தனை தூரம் செல்ல வேண்டியதில்லை. கடன்பட்டுச் செல்லுதல் எவருக்கும் தகாது. ஆனால் உடனாட ஒருவருமின்றித் தனித்திருக்கும் இளைஞன், உண்டியலில் சேர்த்த பணத்தோடு ஒருமுறை சென்றுவந்தால் அதனை வீண்செலவு என்னோம். அந்நியர் நடுவே தன் சொல்லுக்குச் செவிசாய்ப்போர் உளர் என அவன் அறிந்து திரும்புவான். திரும்பியபின் தன்னூரில் ஒரு மேசையைத் தானே அமைத்து, நான்கு பேரை அழைத்து, நடுவராக அமர்வானாயின், கொடுத்த சுமைகூலி முழுவதும் வட்டியோடு வந்து சேர்ந்ததாகும்.