புலியை மட்டும் பார்க்கிறவர்கள்

"என்ன தத்ரூபம்! புலி அப்படியே பாய்கிறதே!" என்பதோடு நம்மவர்களின் ஓவிய ரசனை நின்றுவிடுகிறது. காட்டு விலங்குகளைக் காட்டும் பழைய எட்சிங் படங்களைப் பற்றிச் சிற்றிதழ் வாசகர்களும் இதற்குமேல் பேசக் காணோம்.

1807இல் லண்டனில் எட்வர்ட் ஆர்ம் வெளியிட்ட 'ஓரியன்டல் ஃபீல்ட் ஸ்போர்ட்ஸ்' நூலையே எடுத்துக்கொள்வோம். வங்காளத்தில் இருபதாண்டுகளுக்கு மேல் பணியாற்றிய கேப்டன் தாமஸ் வில்லியம்சனின் குறிப்புகளையும் வரைவுகளையும் வைத்துக்கொண்டு சாமுவேல் ஹாவிட் வரைந்த 40 வண்ணப் படங்கள் அதில் உள்ளன. ஹாவிட் இந்தியாவுக்கு வந்தவரே அல்லர். அப்படியானால் நாம் மெச்சுகிற தத்ரூபம் எதனுடைய தத்ரூபம்?

எட்சிங்கில் செப்புத் தகட்டின்மேல் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் இடுகிறார்கள். கீறிய இடத்தை அமிலம் அரிக்கிறது. அரிக்க அரிக்கக் கோடு ஆழமாகும்; அச்சில் அது கறுத்து விழும். எந்தக் கோடு கறுக்க வேண்டும், எது மெலிய வேண்டும் என்பதைக் கலைஞன் முடிவு செய்கிறான். படம் காட்டின் நகலன்று, ஒருவர் எடுத்த தீர்மானங்களின் தொகுப்பு.

அந்தப் புலிவேட்டைப் படங்களில் யானை முதுகில் துப்பாக்கியோடு இருப்பவர்கள் வெள்ளைக்காரர்கள்; யானையை ஓட்டுபவர்கள் நம்மவர்கள். இந்த ஏற்பாட்டைக் காணாமல் புலியின் வரிகளை மட்டும் வியப்பது அரைப் பார்வை. "இவை அதிகாரத்தின் ஆவணங்கள், ரசிக்க ஒன்றுமில்லை" என்று ஒதுக்குவதும் அரைப் பார்வையே. கோட்டில் அந்த உயிர் இல்லையென்றால் அந்த அதிகாரம் இத்தனை காலம் சுவர்களில் அழகாகத் தொங்கியிருக்குமா?

சங்கப் பாடலில் வரும் யானையை வெறும் யானையாக நாம் வாசிப்பதில்லை. கருப்பொருளை உரிப்பொருளோடு பொருத்தி, உள்ளுறை தேடப் பழகியவர்கள் நாம். செய்யுளுக்குக் கொடுக்கும் இந்தக் கவனத்தைப் படத்துக்கு மட்டும் ஏன் மறுக்கிறோம்?

இது வெறும் ரசனைத் தகராறு அன்று. அந்நூலின் தலைப்பே வேட்டையை 'விளையாட்டு' என்கிறது. வேட்டையாலும் வாழிட இழப்பாலும் சிவிங்கிப்புலி இந்தியாவில் அற்றுப்போனதாக 1952இல் அறிவிக்கப்பட்டது. 2022இல் நமீபியாவிலிருந்து சிலவற்றை விமானத்தில் கொண்டுவர நேர்ந்தது. எங்கள் அருப்புக்கோட்டைச் சீமைக்குத் தெற்கே, வல்லநாட்டில், வெளிமான் பிழைத்திருக்கச் சரணாலயம் வேண்டியிருக்கிறது. இவ்வளவும் தெரிந்த பிறகும் அப்படங்களின் முன்நின்று "தத்ரூபம்" என்று சொல்லிக் கடந்துபோவதை ரசனை என்று நான் ஒப்பமாட்டேன்.