வேலையில்லாத மூளைக்காரன்

"நாய்களிலேயே இதற்குத்தான் மூளை ஜாஸ்தியாம், மாமி!" என்று பெருமை பொங்கச் சொல்லிக்கொண்டு, பக்கத்து ஃபிளாட் பெண் ஒரு 'பார்டர் காலி' குட்டியைத் தூக்கி வந்தாள். கறுப்பும் வெளுப்புமாகக் கொள்ளை அழகு! அதற்கு முன் அவர்கள் வீட்டில் வளர்ந்த பிராணிகள், தொட்டியிலிருந்த இரண்டு மீன்கள்தாம்.

எட்டு மாதம் சென்றது. சோபா பஞ்சு பஞ்சாயிற்று. குழந்தைகள் கூடத்தில் ஓடினால் போதும். பின்னாலேயே பாய்ந்து, குதிகாலைக் கவ்வி, மூலையில் மடக்கிவிடும். "பொல்லாத நாய், மாமி! யாருக்காவது கொடுத்துவிடப் போகிறேன்" என்று கண்ணைக் கசக்கினாள்.

பொல்லாததா? இல்லை, அம்மா. அது வேலையில்லாத நாய்!

இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடையேயுள்ள எல்லைப் பகுதியில், குன்றுகளில் மேயும் ஆடுகளை மடக்குவதற்கென்றே உண்டான ஜாதி அது. 1893-ல் நார்தம்பர்லாந்தில் ஆடம் டெல்ஃபர் என்பவரிடம் பிறந்த 'ஓல்ட் ஹெம்ப்' என்ற நாயைத்தான் இவற்றின் மூதாதை என்கிறார்கள். குரைக்காமல், பதுங்கி, உற்றுப் பார்த்தே மந்தையை நகர்த்தும். நாள் முழுதும் ஓடினாலும் சளைக்காது. அந்த ரத்தம், இரண்டு அறை வீட்டில் ஆட்டுக்கு எங்கே போகும்? குழந்தைகளையே மந்தையாக்கிக்கொண்டது!

மூளை இருப்பது மெய்தான். அமெரிக்காவில் 'சேஸர்' என்ற பார்டர் காலி, 1,022 பொம்மைகளின் பெயர்களைக் கற்றுக்கொண்டது. ஆனால் அதன் எஜமானர் ஜான் பில்லி, ஓய்வுபெற்ற மனோதத்துவப் பேராசிரியர். தினம் நாலைந்து மணி நேரம் அதனுடனேயே செலவிட்டார். ஆபீஸுக்கும் அடுப்படிக்கும் ஓடுகிற நமக்கு அது சாத்தியமா?

முதன்முதலாக நாய் வளர்க்கிறவர்கள் அழகையும் புகழையும் பார்த்து வாங்காதீர்கள். காலையும் மாலையும் அதை ஓட விட்டு விளையாட்டுக் காட்ட யார் இருக்கிறார்கள் என்று யோசியுங்கள். ஆளில்லையென்றால், சாதுவான நாட்டு நாய்க்குட்டி ஒன்று போதும். நம் வெயிலும் அதற்குப் பழக்கம்.

பக்கத்து வீட்டுக் கதை என்னவாயிற்று என்கிறீர்களா? ஈசிசேரில் பொழுது போகாமல் தவித்த அவளுடைய மாமனாரிடம் நாயை ஒப்படைக்கச் சொன்னேன். விடியற்காலையில் மைதானத்தில் பந்து. மத்தியானம் பொம்மையை ஒளித்துவைத்துத் தேடச் சொல்லும் விளையாட்டு. இரண்டு மாதமாகக் குழந்தைகளின் குதிகால் தப்பியது.

எல்லார் வீட்டிலும் அப்படி ஒரு தாத்தா கிடைப்பாரா, சொல்லுங்கள்!