நகர மண்டபம் யாருக்குச் சொந்தம்?

பினாங்குக் கடற்கரைத் திடலின் ஓரத்தில் வெண்ணிறமாய் நிற்கும் நகர மண்டபத்தைப் பற்றி நம்மவருள் ஒரு சாரார், "வெள்ளையன் தனக்கெனக் கட்டிய மாளிகை, நின்றாலென்ன, இடிந்தாலென்ன?" என்கின்றனர். படித்தோர் வாயிலும் இப்பேச்சு வருவதுதான் வெட்கம்.

தோழர்களே! 1903-ம் ஆண்டு முனிசிபல் காரியாலயமாக அது எழும்பியபோது, பினாங்கில் மின்விளக்கும் மின்விசிறியும் பெற்ற முதற்கட்டடங்களுள் அதுவும் ஒன்று. அவ்விசிறிக் காற்று கூலித் தமிழன்மேல் வீசவில்லை என்பது மெய்யே. ஆனால் கதை அங்கே நின்றுவிடவில்லை. மலாயாவிலேயே முதன்முதலாக முனிசிபல் தேர்தல் நடந்தது 1951 டிசம்பரில், இந்நகரிலேதான். 1957 ஜனவரி முதல் நாள் எலிசபெத் அரசியாரின் சாசனத்தால் ஜார்ஜ் டவுன் மாநகரமாயிற்று. நாடு சுதந்திரம் பெற அப்போது இன்னும் எட்டு மாதமிருந்தது. முதல் மேயராய் வீற்றிருந்தவர் யார்? தொழிற்கட்சியைச் சேர்ந்த நம்மவர், டி. எஸ். இராமநாதன்! இதையறியாமலா "நமக்கென்ன" என்கிறோம்?

இனி, மறு சாராரிடம் வருவோம். தூணழகையும் சுண்ணப்பூச்சையும் புகழ்ந்து, படமெடுத்துக்கொண்டு போகும் பாரம்பரியப் பிரியர் இவர்கள். 1982-ல் அக்கட்டடம் தேசியச் சின்னமாயிற்று; 2008-ல் ஜார்ஜ் டவுன் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிற்று. நல்லதே. மாநகர் மன்றத்தின் ஆசனமும் இன்றும் அங்கேதான். ஆனால் அதில் அமர்வோரை அனுப்பியவர் யார்? 1965-ல் உள்ளூராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. 1976-ம் ஆண்டுச் சட்டம் அவற்றை அடியோடு ஒழித்தது. அன்று முதல் கவுன்சிலர்கள் மாநில அரசின் நியமனம் பெற்றவர்களே. அவற்றை மீட்கப் பினாங்கு அரசு செய்த முயற்சியையும் 2014-ல் கூட்டரசு நீதிமன்றம் தள்ளிவிட்டது.

நான் தோட்டத்துக் கிராணி; எனக்குத் தெரிந்த உவமையையே சொல்லுகிறேன். செக்ரோல் புத்தகத்துக்குப் பட்டில் அட்டை போட்டுவிட்டு, ஆட்பெயர் எழுதிய ஏடுகளைக் கிழித்தெறிந்தால் அதைப் புத்தகத்தைக் காத்ததென்பார் உண்டோ? தூணைத் தொடச் சட்டம் குறுக்கே நிற்கிறது. வாக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனபோது எச்சட்டமும் குறுக்கே நிற்கவில்லையே!

தேர்தல் வந்தால் இனப்பூசல் மூளுமாம்! சீனர் பெருந்தொகையினராயிருந்த நகரில், சிறுபான்மையினரான நம்மவர் ஒருவர் மேயரானது தேர்தல் இருந்த காலத்திலா, ஒழிந்த காலத்திலா?

தோட்டத்தாரே, பட்டணத்தாரே! அடுத்த முறை பிள்ளைகளை எஸ்பிளனேடுக்கு அழைத்துச் சென்றால் பட்டம் விடுவதோடு திரும்பாதீர். அம்மாளிகையைக் காட்டி இராமநாதன் பெயரைச் சொல்லுங்கள். சட்டசபைக்கும் பாராளுமன்றத்துக்கும் உங்கள் வாக்கைக் கேட்டு வருவோரிடம், 1976-ம் ஆண்டுச் சட்டத்தை என்றைக்குத் திருத்தப் போகிறீர் என்று கேளுங்கள்.