பம்பு யார் செலவில்?

பூன் லே என்றால் இன்று தொழிற்சாலைகள்தான் ஞாபகம் வரும். அந்தப் பெயருக்குரிய சியூ பூன் லே, ஜூரோங்கில் ரப்பர் பயிரிட்டவர். பால்மரம் போன அந்த மண்ணுக்குத்தான் நம் ஜொகூர்த் தோட்டத்துப் பிள்ளைகள் விடியுமுன் பஸ் ஏறுகிறார்கள்.

அவர்களில் சிறு வயதிலேயே இனிப்புநீர் வந்து இன்சுலின் போடுகிறவர்கள், பம்பு கிடைக்குமா என்கிறார்கள். பலருக்கு ஊசியே போதும், டாக்டர்தான் சொல்லணும். இடுப்பில் மாட்டும் இந்தச் சின்ன மெஷின் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மருந்து விடும். இரண்டு மூன்று நாளுக்கொரு தடவை குழாய் மாற்றணும். மெஷினுக்குப் பணம் திரட்டிவிடலாம், குழாய்க்கு மாதாமாதம் யார் கொடுப்பது? பம்பு நின்றால் சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்து.

சிங்கப்பூர்க் குடிமக்கள் 1993-இல் வந்த மெடிஃபண்ட் உதவி பற்றி, ஜூரோங் ஈஸ்ட் இங் டெங் ஃபோங் மருத்துவமனையின் சமூக சேவகரிடம் கூச்சப்படாமல் கேட்கலாம். பெர்மிட்டில் போகும் நம் பிள்ளைகளுக்கு அது இல்லை. 2023 ஜூலை முதல் முதலாளி எடுக்கவேண்டிய 60,000 வெள்ளிக் காப்புறுதியும் வார்டில் படுத்தால், ஆபரேஷன் செய்தால்தான். தினசரி இன்சுலினுக்கு அதில் இடமில்லை.

இங்கிலாந்தில் தானாகவே அளவு பார்த்து மருந்து விடும் பம்பை, தகுதியுள்ளோருக்கு அரசாங்கச் செலவிலேயே கொடுக்கலாம் என 2023 டிசம்பரில் பரிந்துரைத்தார்கள். இங்கே உழைப்பை வாங்கும் முதலாளிமார், வார்டுக்கு வெளியே ஆகும் செலவையும் ஒப்பந்தத்தில் எழுதட்டும். தொழிற்சங்கங்கள் அடுத்த பேச்சுவார்த்தையிலேயே இதைக் கேட்க வேண்டும் என்கிறோம்.