எலும்பு டப்பாவில் வளர்வதில்லை

மாத மளிகைச் சீட்டில் அரிசி, பருப்புக்கு இணையாக ஹெல்த் டிரிங்க் பொடியும் ஏறிவிட்டது. அதைக் கலக்காத பாலால் பயனில்லை, பிள்ளையின் எலும்பு உறுதிப்படாது, உயரம் கூடாது என்று வீடுதோறும் நம்புகிறார்கள். விளம்பரம் ஊட்டி வளர்த்த இந்த நம்பிக்கை தவறானது.

2024 ஏப்ரலில் ஒன்றிய வணிக அமைச்சகம், இத்தகைய பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' பட்டியலிலிருந்து நீக்கும்படி இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படியொரு வகையே கிடையாது என்பதுதான் காரணம். சட்டம் அறியாத பெயரை நம்பித்தான் இத்தனை காலம் பணம் கொடுத்திருக்கிறோம்.

பொடியில் கால்சியம் சேர்க்கிறார்களே என்பார்கள். சேர்க்கிறார்கள்தான்; கூடவே சர்க்கரையும் வருகிறது. டப்பாவின் பின்பக்கத்தில் சேர்மானங்களை எடை வரிசைப்படிதான் அச்சிட வேண்டும். பல பொடிகளில் சர்க்கரை முன்வரிசையிலேயே நிற்கிறது.

கணக்கைப் பாருங்கள். ஏழு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 650 மில்லிகிராம் கால்சியம் தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். 400 மில்லி பசும்பாலில் ஏறத்தாழ 480 கிடைக்கும். 50 கிராம் கேழ்வரகில் 180 கிடைக்கும். தேவை அங்கேயே நிறைந்துவிடுகிறது. அவ்வளவு பால் வாங்க முடியாத வீட்டுக்கு முள்ளோடு தின்னும் நெத்திலி இருக்கிறது. முருங்கைக்கீரையும் எள்ளுருண்டையும் இருக்கின்றன. கேழ்வரகை முளைகட்டினால் அதன் சத்து உடலில் இன்னும் நன்றாகச் சேரும்.

ஆனால் தின்ற கால்சியத்தைக் குடல் உறிஞ்ச வைட்டமின் டி வேண்டும். அதைத் தோல் வெயிலில்தான் உண்டாக்குகிறது. வெயில் கொளுத்தும் இந்த நாட்டில், 2016-18 தேசிய ஊட்டச்சத்து ஆய்வில் வளரிளம் பருவத்தினரில் 24 விழுக்காட்டினருக்கு வைட்டமின் டி குறைவாக இருந்தது. கறுத்துவிடும் என்று வெயிலில் விடாத வீடும், விளையாட்டு வகுப்பைக் கணக்குப் பாடத்துக்குத் தாரைவார்க்கும் பள்ளியும் இதற்குப் பொறுப்பேற்க வேண்டும்.

ஓட்டமும் குதியாட்டமும் எலும்பில் சுமை ஏற்றுகின்றன. அந்தச் சுமைக்கு ஈடுகொடுக்கவே எலும்பு தடிக்கிறது. சிறுவயதிலிருந்து டென்னிஸ் ஆடுபவர்களுக்கு மட்டை பிடிக்கும் கையின் எலும்பு மற்றக் கையைவிடப் பருமனாக இருப்பதை மருத்துவர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள்.

ஒருவரின் எலும்புத் திண்மையில் ஏறத்தாழ 90 விழுக்காடு இருபது வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. விட்டதைப் பிறகு முழுமையாக ஈடுசெய்ய முடியாது. பெற்றோரே, அடுத்த மாதச் சீட்டில் அந்த டப்பாவை அடித்துவிட்டுக் கேழ்வரகும் எள்ளும் எழுதுங்கள். பிள்ளையைத் தெருவில் இறங்கி ஆடவிடுங்கள்.