காப்பி மொக்கும் உப்பு ஜலமும்

ஏற்காட்டிலே மார்ச், ஏப்ரல் மாதங்களில் ஒரு நல்ல மழை பெய்துவிட்டால் காப்பித் தோட்டக்காரர்களின் முகம் மலர்ந்துவிடும். வறட்சியில் உறங்கிக் கிடந்த மொக்குகள் சுமார் பத்து நாளில் வெள்ளை வெளேரென்று பூத்துவிடும். மழை தவறினால் மகசூலும் குறையும்.

மொக்கைத் திறப்பது எது? ஜலந்தான். ஒவ்வோர் உயிரணுவையும் மெல்லிய சவ்வு ஒன்று மூடியிருக்கிறது. அது ஜலத்தை எளிதில் விடும். சர்க்கரை, உப்பு முதலியவற்றை அவ்வளவு எளிதில் விடாது. கரைசல் எப்பக்கம் அடர்த்தியோ, அப்பக்கம் ஜலம் செல்லும். இதுவே சவ்வூடு பரவல். மழை ஜலம் வேர் வழியே வந்ததும் மொக்கின் அணுக்கள் அதை உறிஞ்சிப் பருக்கின்றன. வெளியே உறுதியான சுவர் இருப்பதால் வெடிப்பதில்லை. விறைத்து நின்று இதழை விரிக்கின்றன.

நம் இரத்த அணுவுக்கு அச்சுவர் கிடையாது. வெறும் ஜலத்தில் இட்டால் ஊதி வெடிக்கும். கடல் நீரில் இட்டால் சுருங்கும். ஆகவேதான் ஸலைனில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு என்று அளந்து சேர்க்கிறார்கள்.

குழந்தைக்குப் பேதி கண்டால் தாய்மார்கள் இதை மறக்கலாகாது. உடலை விட்டுப் போவது ஜலம் மட்டுமன்று, உப்புந்தான். மருந்துக் கடையில் விற்கும் உப்புச் சர்க்கரைப் பொட்டலம் கிடைக்காவிடில், காய்ச்சி ஆறிய 1 லிட்டர் ஜலத்தில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, அடிக்கடி சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். குடலிலே சர்க்கரையும் உப்பும் சேர்ந்து உட்செல்ல, ஜலம் அவற்றைப் பின்தொடரும். 1971-இல் வங்காள எல்லையில் அகதிகளிடையே காலரா பரவியபோது டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இத்தகைய கரைசலைக் கொண்டே அநேக உயிர்களைக் காத்தார். அளவு மட்டும் தவறக்கூடாது; உப்பு மிஞ்சினால் அணுவிலுள்ள ஜலமே வெளியேறிவிடும். குழந்தை சோர்ந்து போனாலோ, குடிக்க மறுத்தாலோ தாமதியாமல் வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள்.