சுழியம், ஏழு, சுழியம்: மகளிர் கோல்ஃப் கணிப்புகளை மீண்டும் திறந்து பார்த்தால்

மகளிர் தொழில்முறை கோல்ஃப் பருவம் ஆண்டுதோறும் சனவரி, பிப்ரவரி மாதங்களில் தொடங்குகிறது. யார் வெல்வார், யார் தரவரிசையில் முதலிடம் பிடிப்பார் என்னும் முன்னோட்டங்கள் அதற்குச் சில நாள் முன்பே வெளியாகிவிடுகின்றன. நவம்பரில் பருவம் முடியும்போது அந்த முன்னோட்டங்களை எடுத்து வைத்துச் சரிபார்ப்பவர் அரியர். டெல்லியின் செய்தியறைகளும், விளையாட்டுக்கு நிதி ஒதுக்கும் அரசு அலுவலகங்களும் இந்த மறதிக்கு விலக்கல்ல. கணிப்பு பொய்ப்பது இயல்பு. எவ்வகையில் பொய்த்தது என்று கேளாமல், மறு ஆண்டும் அதே கேள்வியை அதே முறையில் கேட்பதுதான் சிக்கல்.

அமெரிக்க வீராங்கனை நெல்லி கோர்டாவின் மூன்று ஆண்டுகளை எடுத்துக்கொள்ளலாம். எல்பிஜிஏ தொடரில் 2023-இல் அவர் வென்ற பட்டங்கள் சுழியம். 2024-இல் ஏழு, அவற்றுள் ஐந்து, அவர் ஆடிய அடுத்தடுத்த ஐந்து போட்டிகளில் வந்தவை. 2025-இல் மீண்டும் சுழியம். ஏழு பட்டங்களைக் கண்டபின் முன்னோட்டம் எழுதியவர்கள் 2025-க்கும் அவர் பெயரையே முன்னிறுத்தியதில் வியப்பில்லை. பட்டங்களை மட்டும் எண்ணினால் அக்கணிப்பு படுதோல்வி. ஆயினும் 2025-இல் ஒரு சுற்றுக்கு அவர் எடுத்த சராசரி அடிகள் முந்தைய ஆண்டின் தரத்திலேயே இருந்தன. ஆட்டக்காரர் மாறவில்லை, ஏழு சுழியமாயிற்று.

இந்த முரணை விளக்க அதே ஆண்டின் இன்னொரு பெயர் உதவும். தாய்லாந்தின் ஜீனோ திதிகுல் 2025-இல் ஒரு சுற்றுக்கு 68.681 என்ற சராசரியைப் பதிவு செய்து, 2002-இல் அன்னிகா சோரன்ஸ்டாம் நிறுவிய எல்பிஜிஏ சாதனையை நூலிழையில் முறியடித்தார். சோரன்ஸ்டாமுக்கு அந்தச் சராசரி 2002-இல் 11 எல்பிஜிஏ பட்டங்களைத் தந்தது. திதிகுலுக்குக் கிடைத்தவை மூன்று. ஏறத்தாழ ஒரே ஆட்டம், நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேலான அறுவடை. இடைப்பட்ட 23 ஆண்டுகளில் தாய்லாந்து, ஜப்பான், கொரியா, சீனா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்களால் களம் அத்தனை ஆழமாகிவிட்டது. 2025-இல் அக்டோபர் மாதம் திதிகுல் ஷாங்காயில் வெல்லும் வரை எவருமே எல்பிஜிஏ தொடரில் இரண்டாவது பட்டம் பெறவில்லை. இத்தகைய களத்தில் ‘யார் வெல்வார்’ என்பது ஏறக்குறைய சீட்டுக் குலுக்கலைப் பற்றிய கேள்வி. ‘யார் குறைந்த அடிகளில் ஆடுவார்’ என்பது விடை காணத்தக்க கேள்வி. முன்னோட்டங்கள் பெரும்பாலும் முதலாவதையே கேட்கின்றன, தலைப்புக்கு அது வசதியாக இருப்பதால்.

அமெரிக்காவில் இப்பிழையின் விலை பந்தயக்காரர்களின் பணம். இந்தியாவில் அதன் விலை வேறு. 2014-இல் தொடங்கப்பட்ட ஒலிம்பிக் பதக்க மேடை இலக்குத் திட்டம், பெயரிலேயே ஒரு கணிப்பைச் சுமந்திருக்கிறது: பதக்கம் வெல்லக்கூடியவர் யார் என்று முன்கூட்டியே தீர்மானித்து அவருக்கு உதவுவது. தீர்மானிப்பது மிஷன் ஒலிம்பிக் செல் என்னும் குழு. ஆகவே இங்கே கணிப்பு என்பது பொழுதுபோக்கைத் தாண்டிக் கோப்புக் குறிப்பாகிவிடுகிறது. பயிற்சியாளரின் ஊதியமாகவும் விமானச் சீட்டாகவும் மாறுகிறது.

இந்தியாவின் கணிப்புகள் எல்லாம் நெடுங்காலமாக ஒரே பெயரைச் சுற்றியே வந்திருக்கின்றன. பெங்களூரின் அதிதி அசோக் 2016-இல், தம் 18-ஆம் வயதில், குருகிராமின் டிஎல்எஃப் மைதானத்தில் இந்திய ஓப்பனை வென்றார். ஐரோப்பிய மகளிர் தொடரில் பட்டம் வென்ற முதல் இந்தியர் அவரே. டோக்கியோ ஒலிம்பிக்குக்குச் செல்லும்போது உலகத் தரவரிசையில் அவர் இடம் 200. பதக்கப் பட்டியல் தயாரித்தவர்கள் அவரைப் பொருட்படுத்தவில்லை. 2021 ஆகஸ்டில் அவர் இரண்டாம் இடத்திலிருந்து இறுதிச் சுற்றைத் தொடங்கி, ஒரே ஓர் அடியில் பதக்கத்தைத் தவறவிட்டு நான்காவதாக முடித்தார். 2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஏழு அடி முன்னிலையுடன் கடைசி நாளைத் தொடங்கினார். தங்கம் உறுதி என்றே எழுதப்பட்டது. அன்று 77 அடிகள் எடுத்து வெள்ளி பெற்றார். ஆசிய விளையாட்டு கோல்ஃபில் இந்தியப் பெண்ணொருவர் பெற்ற முதல் பதக்கம் அது. கணிப்பு தங்கமாக இருந்தமையால் வரலாற்றுச் சாதனை ஒன்று இழப்புச் செய்தியாக அச்சேறியது. பாரிசில், 2024-இல், 29-ஆம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார்; ‘ஏமாற்றம்’ என்ற சொல் தயாராகக் காத்திருந்தது.

எளிய கணக்கு ஒன்று போதும். ஒலிம்பிக் மகளிர் கோல்ஃபில் 60 பேர் ஆடுகின்றனர், பதக்கங்கள் மூன்று. எல்லோரும் சமம் எனக் கொண்டால் ஒருவருக்கான வாய்ப்பு 5 விழுக்காடு. அதிதிக்கு அதைப்போல் மும்மடங்கு தாராளமாகக் கொடுத்தாலும் 15 விழுக்காடுதான். பதக்கம் கிடைக்காமற்போக 85 விழுக்காடு. வானிலை ஆய்வாளர் கிளென் பிரையர் 1950-இல் வகுத்த அளவுகோல் இதற்கே பொருந்தும். மழைக்கு 70 விழுக்காடு வாய்ப்பு என்றவர் சரியா தவறா என்பதை ஒரு நாளை வைத்து முடிவு செய்ய முடியாது. சொன்ன விழுக்காட்டுக்கும் நடந்ததற்கும் உள்ள இடைவெளியைப் பல நாட்களுக்குக் கூட்டிப் பார்க்க வேண்டும். விழுக்காடே சொல்லாதவரை எதைக்கொண்டு மதிப்பிடுவது? விளையாட்டு முன்னோட்டங்கள் அழியாமல் வாழ்வதற்கு இந்தப் பிடிகொடாமையே காரணம்.

நிதி ஒதுக்குபவர் விழுக்காட்டை வைத்து என்ன செய்வார், அவருக்குப் பெயர்தானே வேண்டும் என்ற மறுப்பு எழலாம். அது நியாயமான மறுப்பே. ஆனால் விழுக்காடு அவருக்கும் ஒன்றைச் சொல்லும். தலா 10 விழுக்காடு வாய்ப்புள்ள இருவர் களத்தில் இருந்தால், ஒருவரேனும் பதக்கம் பெறும் வாய்ப்பு 19 விழுக்காடு. ஐவர் இருந்தால் 41. ஒலிம்பிக்குக்கு ஒரு நாட்டிலிருந்து பொதுவாக இருவரே செல்ல முடியும் என்பது உண்மை. எனினும் அந்த இருவராக யார் வளர்வார் என்பதும் அதே நிச்சயமின்மைக்கு உட்பட்டதே.

தீக்ஷா டாகர் இதற்குச் சான்று. செவித்திறன் குறைபாடுள்ள, இடக்கையால் ஆடும் இந்த ஹரியானாப் பெண் 2019-இல், 18 வயதில், தென்னாப்பிரிக்க ஓப்பனை வென்று ஐரோப்பியத் தொடரில் பட்டம் பெற்ற இரண்டாவது இந்தியரானார். டோக்கியோவுக்கு அவர் சென்றதே வேறொரு வீராங்கனை விலகியதால் கடைசி நேரத்தில் கிடைத்த இடத்தில்தான். 2022-இல் பிரேசிலில் நடந்த செவித்திறன் குறைந்தோர் ஒலிம்பிக்கில் தங்கமும், 2023-இல் செக் ஓப்பன் பட்டமும் பெற்றார். ஒற்றைப் பெயர்க் கணிப்பில் இவருக்கு இடம் இருந்திருக்காது.

டெல்லியருகே நடக்கும் இந்திய ஓப்பனின் பட்டியலும் இதையே காட்டுகிறது. ஆண்டுதோறும் முன்னோட்டங்கள் உள்நாட்டு நம்பிக்கைகளை வரிசைப்படுத்துகின்றன. அதிதிக்குப் பின் 2017 முதல் 2024 வரை வென்றவர்கள் பிரான்சு, வேல்ஸ், ஆஸ்திரியா, ஜெர்மனி, இங்கிலாந்து நாட்டினர். 2018-இல் வென்ற பெக்கி மார்கனும் 2024-இல் வென்ற லிஸ் யங்கும் நாற்பதைக் கடந்தவர்கள். ‘வளரும் நட்சத்திரங்கள்’ என்ற தலைப்பின்கீழ் இருவரையும் தேடியிருக்க முடியாது.

டோக்கியோவின் அந்த விடியற்காலைக்குப் பின் இன்னொரு கணிப்பும் பரவலாக ஒலித்தது: அதிதியைக் கண்டு ஆயிரம் சிறுமியர் மட்டையைத் தூக்குவர் என்பது. தூக்கியபின் எங்கே ஆடுவது என்று அக்கணிப்பு கேட்கவில்லை. டெல்லி கோல்ஃப் கிளப்பின் உறுப்பினர் காத்திருப்புப் பட்டியல் ஊரறிந்தது. கட்டணம் செலுத்தி எவரும் ஆடக்கூடிய லாடோ சராய் குதுப் மைதானம் டெல்லி வளர்ச்சி ஆணையத்தால் திறக்கப்பட்டு கால் நூற்றாண்டு ஆகிறது. இத்தகைய பொது மைதானங்களில் ஆடும் சிறுமியரின் எண்ணிக்கை, அவர்கள் எத்தனை ஆண்டு தொடர்ந்து ஆடுகிறார்கள் என்பவை எந்த முன்னோட்டத்திலும் இடம்பெறுவதில்லை.

2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் கோல்ஃபுக்குக் கலப்பு இணைப் போட்டி சேர்க்கப்பட்டுள்ளது. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் நாட்டுக்காகச் சேர்ந்து ஆடுவர். அதற்கான பதக்கக் கணிப்புகள் இனி எழுதப்படும். அவற்றில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு விழுக்காடும், மீண்டும் திறந்து பார்க்க வேண்டிய தேதியும் குறிக்கப்படுமா என்பதைக் கோப்பு எழுதுவோரிடம் இப்போதே கேட்கலாம்.